வராத பார்சலுக்கு எத்தனை நாள் காத்திருப்பது?

கேள்வி: திண்டுக்கல்லில் ஒரு மாடிக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, ஆறு ஆண்டுகளாக யோகா வகுப்பு நடத்தி வருகிறேன். மே 20 அன்று தொடங்கவிருந்த புதிய வகுப்புக்காக, வட மாநிலம் ஒன்றில் இயங்கும் யோகா உபகரண நிறுவனத்தின் இணையதளத்தில் ஏப்ரல் 28 அன்று 18 ரப்பர் மேட், 18 பெல்ட், 36 கார்க் பிளாக் (கையூன்றும் கட்டை), 6 போல்ஸ்டர் (பஞ்சுத் திண்டு) ஆகியவற்றுக்கு ஆர்டர் கொடுத்தேன். பொருள்களின் விலை 60,000 ரூபாய், சரக்குக் கட்டணம் 1,800 ரூபாய். முழுத் தொகையையும் யுபிஐ மூலம் அன்றே செலுத்திவிட்டேன். 7 முதல் 10 வேலை நாட்களில் டெலிவரி என்று தளத்தில் போட்டிருந்தார்கள். ஆர்டரோடு இருந்த குறிப்புப் பெட்டியில், மே 20 வகுப்பு தொடங்குகிறது, அதற்குள் வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மே 19 அன்று 10 மேட்டும் 18 பெல்ட்டும் மட்டும் வந்தன. மீதிப் பொருள்கள் இன்று, ஜூன் 4 வரை வரவில்லை. நிறுவனத்தைக் கேட்டால் கூரியரைக் கேட்கச் சொல்கிறார்கள். கூரியரைக் கேட்டால் சரக்கே தங்கள் கைக்கு வரவில்லை என்கிறார்கள். ரத்து செய்கிறேன் என்றால் 15 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவோம் என்கிறார்கள். வகுப்பில் சேர்ந்தவர்களில் நான்கு பேர் கட்டணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தொழிலுக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று தெரிந்த ஒருவர் வேறு பயமுறுத்துகிறார். நான் காத்திருப்பதா, ரத்து செய்வதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். நுகர்வோர் ஆணையங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாதாடி வருபவள் என்ற முறையிலும், இடுப்பு வலிக்காக நான்கு ஆண்டுகளாக ஒரு யோகா வகுப்பின் கடைசி வரிசையில் மேட் விரிக்கிறவள் என்ற முறையிலும் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்விக்கு நேரடியான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வராத பொருள்களை ரத்து செய்யுங்கள். ஆனால் தொலைபேசியில் கோபமாகச் சொல்லி ரத்து செய்யாமல், ஒரு கெடு நாள் குறித்து, எழுத்தில் ரத்து செய்யுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாட்டின் விலை, உங்கள் விஷயத்தில் ஏறத்தாழ 42,000 ரூபாய்.

முதலில் சரக்கு உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். இரண்டாவது பார்சலின் டிராக்கிங் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். அதில் மே 17 தேதியிட்டு 'ஷிப்மென்ட் விவரம் பெறப்பட்டது' என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அனுப்புகிறவர் கூரியர் நிறுவனத்தின் கணினியில் முகவரியைப் பதிந்து, பெட்டிமேல் ஒட்டும் சீட்டை அச்சிட்டுக்கொண்டாலே இந்த வரி வந்துவிடும். பெட்டி கைமாறியிருந்தால் அடுத்த வரியாக 'பிக்கப் ஆனது' என்றும், அதன் பின்னர் ஏதாவது ஓர் ஊரின் ஹப் (சரக்கைப் பிரித்தனுப்பும் மையம்) பெயரும், பெரும்பாலும் எடையும் வந்திருக்கும். முதல் பார்சலின் பக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் ஏழெட்டு வரிகள் இருக்கின்றன. ஆகவே கூரியர்காரர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. சரக்கு இன்னும் விற்பவரின் கிடங்கில் இருக்கிறது. அல்லது கிடங்கிலேயே இல்லை.

இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். வராமல் நிற்கும் பொருள்கள் எவை என்று கவனியுங்கள்: எட்டு மேட், 36 கார்க் பிளாக், 6 போல்ஸ்டர். கார்க் என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. போர்ச்சுகல், ஸ்பெயின் போன்ற மத்தியதரைக் கடல் பகுதி நாடுகளில் விளைவது. அந்த மரம் நம் நாட்டில் பயிராவதில்லை என்பதால், கச்சாப் பொருளாகவோ பிளாக்காகவோ இறக்குமதி செய்துதான் விற்க வேண்டும். அடுத்த சரக்குப் பெட்டகம் வந்ததும் கொடுத்துவிடலாம் என்ற துணிச்சலில், கையிருப்பு இல்லாதபோதே ஆர்டர் வாங்கும் சிறு நிறுவனங்கள் இத்தொழிலில் இருக்கின்றன. போல்ஸ்டரின் சிக்கல் வேறு. 65 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள ஒரு பெட்டியில் அதை வைத்தால், பல கூரியர்கள் பின்பற்றும் கணக்குப்படி மூன்று அளவுகளையும் பெருக்கி 5,000ஆல் வகுத்து, 8 கிலோவுக்கு மேல் என்று கட்டணம் போடுவார்கள். பஞ்சின் உண்மையான எடை மூன்று கிலோகூட இராது. ஆறு போல்ஸ்டருக்கு 48 கிலோவைத் தாண்டும். உங்களிடம் மொத்தமாக வாங்கிய 1,800 ரூபாய் சரக்குக் கட்டணத்தில் அது கட்டுப்படியாகாது என்பதை, அனுப்பும் நேரத்தில்தான் அந்த நிறுவனம் உணர்ந்திருக்கக்கூடும். மடித்தால் கைக்குள் அடங்குகிற பெல்ட்டுகள் மட்டும் முழுதாக வந்து சேர்ந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. போதாக்குறைக்கு, 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஜூன் 21ஐப் பன்னாட்டு யோகா நாளாக அறிவித்த பிறகு, மே, ஜூன் மாதங்களில் பள்ளிகளும் அலுவலகங்களும் மொத்தமாக மேட் வாங்குகின்றன. நூறு மேட் கேட்கிறவருக்கு முன்னால் எட்டு மேட் பாக்கி உள்ளவர் வரிசையில் பின்னுக்குப் போய்விடுகிறார். அடுத்த ஆண்டு வகுப்புக்கு மார்ச் மாதமே வாங்கிவிடுங்கள்.

இதையெல்லாம் சொல்வது விற்பவர் மீது உங்களுக்கு இரக்கம் வர வேண்டும் என்பதற்காக அல்ல. காத்திருப்பதால் இந்தப் பொருள்கள் அடுத்த வாரம் வந்துவிடும் என்று நம்புவதற்குக் கைவசம் எந்த ஆதாரமும் இல்லை என்பதைக் காட்டுவதற்காகத்தான்.

இனி, உங்களை உறுத்தும் சந்தேகத்துக்கு வருகிறேன். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று உங்கள் நண்பர் சொன்னது பாதிதான் சரி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குகிறவரை நுகர்வோர் என்ற சொல்லின் பொருளிலிருந்து விலக்குகிறது. ஆனால் ஒருவர் தம் சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கி, தாமே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்தில் சேர்க்கக் கூடாது என்று அதே பிரிவின் விளக்கத்தில் சொல்லியிருக்கிறது. இந்த விளக்கம் பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த காலத்திலேயே, லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் என்ற வழக்கில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. தட்டச்சு இயந்திரம் வாங்கித் தாமே தட்டச்சு செய்து கூலி பெறுகிறவரும், ஆட்டோ வாங்கித் தாமே ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான் என்றும், ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் மட்டும் அந்த நிலை போய்விடாது என்றும் அதில் தெளிவுபடுத்தப்பட்டது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் செய்தது சுயதொழில் அல்ல, பெரிய அளவிலான வணிகம் என்று நீதிமன்றம் கருதியது. நீங்கள் ஒரே கூடத்தில், நீங்களே நின்று கற்றுக்கொடுக்கிறீர்கள். ஐந்து ஊர்களில் கிளை வைத்து, ஆசிரியர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி நடத்தினால் என் பதில் வேறாக இருந்திருக்கும். புகார் கொடுக்கும்போது, 'என் பிழைப்புக்காக நானே நடத்தும் வகுப்பில் பயன்படுத்தவே வாங்கினேன்' என்ற வாக்கியத்தை மறக்காமல் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் கைவைக்கும் இடம் அதுதான்.

நீங்கள் நுகர்வோர் என்றால், 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் உங்களுக்குத் துணை நிற்கும். அறிவித்த கால அளவைத் தாண்டிப் பொருள் வந்தால் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று அவ்விதிகள் சொல்கின்றன. வெள்ளம், ஊரடங்கு போல மனிதக் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு உண்டு. ஸ்டாக் இல்லை என்பது அந்தக் கணக்கில் வராது. உங்கள் விஷயத்தில் சனி, ஞாயிறு, மே தினம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பத்தாவது வேலை நாள் மே 13தான். அதன் பிறகு மூன்று வாரம் ஓடிவிட்டது. அந்த 15 சதவீதத்துக்கும் அதே விதிகளில் விடை இருக்கிறது: விற்பவர் தாம் தன்னிச்சையாக ரத்து செய்தால் அதே போன்ற தொகையைத் தாமும் ஏற்பதாக இருந்தாலன்றி, நுகர்வோரிடம் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது. அந்த நிறுவனம் ஆர்டரை ரத்து செய்யும்போது வாடிக்கையாளருக்கு 15 சதவீதம் சேர்த்துக் கொடுப்பதாக அதன் தளத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நான் இதுவரை அப்படி ஒரு தளத்தைக் கண்டதில்லை. மேலும், நாள் தவறியது அவர்கள். அவர்கள் தவறியதால் நீங்கள் விலகுவதற்கு நீங்கள் ஏன் 6,150 ரூபாய் கொடுக்க வேண்டும்?

உங்கள் கடிதத்தில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை என்று நீங்கள் சலித்துக்கொண்ட அந்தக் குறிப்புப் பெட்டி வரிதான், என் பார்வையில் உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய ஆவணம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 73ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இன்ன நட்டம் வரும் என்று இரு தரப்பும் முன்பே அறிந்திருந்த நட்டத்துக்கு இழப்பீடு கேட்க வழி செய்கிறது. மே 20 வகுப்பு என்பதை ஆர்டரிலேயே எழுதிவிட்டீர்கள். அதை ஏற்றுக்கொண்டு பணம் வாங்கியவர், வகுப்பைப் பற்றித் தமக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது. படித்தார்களா இல்லையா என்பது அவர்கள் பாடு. ஆர்டர் உறுதி செய்து வந்த மின்னஞ்சலில் அந்தக் குறிப்பு அச்சாகியிருக்கும். அதை உடனே பிடிஎஃப் ஆக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அதே சட்டத்தின் 55ஆம் பிரிவில் பலர் அறியாத ஒரு கண்ணி இருக்கிறது. குறித்த நாளில் தராத பொருளைப் பின்னொரு நாளில் நீங்கள் வாங்கிக்கொண்டால், வாங்கும்போதே 'தாமதத்தால் ஏற்பட்ட நட்டத்தைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று தெரிவித்திருந்தால்தான் பிறகு அந்த நட்டத்தைக் கேட்க முடியும். மே 19 அன்று வந்த பத்து மேட்டையும் பெல்ட்டுகளையும் நீங்கள் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். வகுப்புக்கு முந்தைய நாள் மாலையில் வேறென்ன செய்திருக்க முடியும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த 19,000 ரூபாய்ப் பொருளைப் பொறுத்தவரை தாமதத்துக்கு இழப்பீடு கேட்பது பலவீனமான வாதமாகிவிடும், அதை விட்டுவிடுங்கள். நல்ல பொருளாக வந்திருந்தால் பயன்படுத்துங்கள். வராத 41,000 ரூபாய்ப் பொருளும், அதற்குரிய பங்காகச் சரக்குக் கட்டணத்தில் 1,230 ரூபாயும் சேர்ந்த 42,230 ரூபாயில் மட்டும் கவனத்தை வையுங்கள்.

இப்போது எழுத வேண்டிய கடிதம். நிறுவனத்தின் தளத்தில் குறைதீர் அலுவலரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் பக்கத்தின் அடியில், கண்ணுக்குப் படாத சிறிய எழுத்தில் இருக்கும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கும் விற்பனைப் பிரிவுப் பெண்ணுக்கு அனுப்புவதோடு நிறுத்தாமல், அந்த முகவரிக்கு மின்னஞ்சலும் அச்சிட்ட படியை ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் எளிய வாக்கியங்களே போதும். பொருள் இப்படி அமையட்டும்: 'ஏப்ரல் 28 அன்று இன்ன எண்ணுள்ள ஆர்டருக்கு 61,800 ரூபாய் செலுத்தினேன். மே 13க்குள் வந்திருக்க வேண்டிய பொருள்களில் எட்டு மேட், 36 கார்க் பிளாக், 6 போல்ஸ்டர் இன்றுவரை வரவில்லை. இவை மே 20 வகுப்புக்குத் தேவை என்பதை ஆர்டரிலேயே தெரிவித்திருக்கிறேன். கூரியர் பதிவின்படி பார்சல் இதுவரை ஒப்படைக்கப்படவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த ஏழாம் நாளுக்குள் பொருள்கள் என் முகவரிக்கு வந்து சேராவிட்டால் அவற்றுக்கான ஆர்டர் ரத்தானதாகக் கொண்டு, 42,230 ரூபாயைப் பிடித்தம் ஏதுமின்றிப் பணம் வந்த கணக்குக்கே திருப்பி அனுப்ப வேண்டும். தாமதத்தால் எனக்கு ஏற்பட்ட நட்டத்தைக் கோரும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.' அவ்வளவுதான். ஏமாற்றுக்காரர்கள், நாசமாய்ப் போவீர்கள் என்றெல்லாம் ஒரு சொல்லும் வேண்டாம். அந்தக் கடிதத்தை நாளை ஆணையத்தின் மேசையில் வைக்கும்போது நீங்களே கூச்சமில்லாமல் படித்துக் காட்டும்படி இருக்க வேண்டும்.

கடிதம் போன மறுநாளே அவர்களிடமிருந்து அழைப்பு வரும். மேடம், இரண்டே நாள், வண்டி கிளம்பிவிட்டது என்பார்கள். மறுத்துப் பேச வேண்டாம். மகிழ்ச்சி, அதையே மின்னஞ்சலில் எழுதி, பிக்கப் ஆன சீட்டையும் இணைத்து அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். அழைப்பு முடிந்ததும் இன்ன நாள், இன்ன நேரம் இப்படிச் சொன்னீர்கள் என்று நீங்களே ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முப்பது முறை பேசியிருப்பார்கள். எழுத்தில் ஒன்றும் இருக்காது. வாட்ஸ்அப்பில் தானாக அழியும் செய்தி என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள்.

அந்த ஏழு நாளும் வகுப்பு நின்றுவிடக் கூடாது. இதைச் சட்டத்துக்குப் புறம்பான அறிவுரை என்று எண்ண வேண்டாம். நட்டத்தைக் குறைத்துக்கொள்ளத் தமக்கு இருந்த வழியை நட்டப்பட்டவர் பயன்படுத்தினாரா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே 73ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைவிட, உள்ளூரில் வாங்கிச் சமாளித்து அதற்கான பில்லை நீட்டுகிறவரின் கோரிக்கைக்கே எடை அதிகம். எட்டு மேட்டை திண்டுக்கல்லிலோ மதுரையிலோ விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கிவிடலாம். அதே தரத்துக்கு அங்கே விலை கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கேட்கலாம். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். தூக்கு வைத்த பெரிய போல்ஸ்டரை உள்ளூர் மெத்தைக் கடைக்காரர் இரண்டு நாளில் தைத்துக் கொடுப்பார். போடிப் பக்கத்து இலவம் பஞ்சு உங்களுக்கு எளிதில் கிடைக்கும் என்றாலும், அது உட்கார்ந்ததும் அமுங்கிவிடும், பருத்திப் பஞ்சை இறுக்கி அடைப்பதே நல்லது என்று என் ஆசிரியை சொல்வார். மேலுறைக்குச் சின்னாளப்பட்டித் துணியைவிட என்ன வேண்டும்? பிளாக்குக்கு ஒரு தச்சரிடம் 23, 15, 10 சென்டிமீட்டர் அளவு கொடுத்து, விளிம்புகளை மழுக்கச் சொல்லலாம். மரம் கார்க்கைவிடக் கனம், வியர்த்த கைக்கு வழுக்கும், ஆகவே புதியவர்களுக்கு இரண்டு நாளைக்குச் சுவரும் நாற்காலியும் போதும். உடலுக்கு ஏற்றபடி பொருளைப் பயன்படுத்தும் முறையை உலகெங்கும் பரவச் செய்த யோகா ஆசான் பி.கே.எஸ். ஐயங்காரின் வழியில் வந்தவர்கள் இன்றும் மடித்த போர்வையையும் சாதாரண இரும்பு நாற்காலியையும் முக்கியக் கருவிகளாகவே வைத்திருக்கிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் வந்துவிடும் என்று விற்பவர் உங்களுக்குச் சொன்ன அதே வாக்கியத்தை நீங்கள் அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினால், அவர்களின் கண்ணுக்கு நீங்கள்தான் நாள் தவறியவர். மீதமுள்ள பதினான்கு பேரில் சொந்த மேட் இருப்பவர்களைக் கொண்டுவரச் சொல்லலாம். பத்து மேட் இருக்கிறது. நான்கு பேர் மட்டும் கொண்டுவந்தாலே வகுப்பு நடக்கும். போய்விட்ட நால்வருக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்த வங்கிப் பதிவும், அவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதைக் காட்டும் செய்தியும் இருந்தால் எடுத்து வையுங்கள். காரணம் உபகரணம் இல்லாமைதான் என்று அவர்கள் எழுதியிருந்தால் கோரலாம். நேரம் ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தால் அதைச் சேர்க்காதீர்கள். ஒரு பொய்யான தொகை நுழைந்தால், உண்மையான தொகையின் மீதும் ஐயம் விழும்.

ஏழு நாளும் கடந்து பணமும் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் பதிவு செய்யுங்கள், தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்லமாட்டார்கள், ஆனால் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். இந்த அளவுத் தொகையில் பாதி வழக்குகள் அந்த நிலையிலேயே முடிந்துவிடுவதை என் அலுவலகத்திலேயே பார்க்கிறேன். முடியாவிட்டால், உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். விற்பவரின் ஊருக்கு அலைய வேண்டும் என்ற பழைய நிலையை 2019ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றிவிட்டது. புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தில் தாக்கல் செய்யலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் செய்யலாம். கால வரம்பு இரண்டு ஆண்டு. பணத்தை வட்டியோடு திருப்பித் தர ஆணையிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. மன உளைச்சலுக்கு லட்சம் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நியாயமான சிறு தொகையே கேளுங்கள். சட்டத்துணை தேவைப்பட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

இடையில் ஓர் எச்சரிக்கை. பணம் திரும்ப வேண்டும் என்ற தவிப்பில் இருப்பவர்களைக் குறிவைத்து இணையத்தில் போலி வாடிக்கையாளர் சேவை எண்கள் உலவுகின்றன. பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை ஒருபோதும் அழுத்த வேண்டியதில்லை. அழுத்தச் சொல்கிறவர் எடுக்கத்தான் வந்திருக்கிறார். ஏமாந்துவிட்டால் உடனே 1930ஐ அழையுங்கள். டெலிவரிக்கான ஓடிபி விஷயத்திலும் அதே கவனம் தேவை. சென்ற ஆண்டு என் தாயாருக்கு ஆசனம் செய்ய ஒரு மடக்கு நாற்காலி வரவழைத்தேன். நாளைக்குக் கொண்டுவருகிறேன், தேதி மாற்ற ஓடிபி வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டவரிடம் அம்மா எண்ணைச் சொல்லிவிட்டார். அடுத்த நிமிடம் நாற்காலி ஒப்படைக்கப்பட்டதாகப் பதிவாகிவிட்டது. அது உண்மையில் வந்து சேர பதினோரு நாளும், வழக்கறிஞரான எனக்கே ஆறு மின்னஞ்சலும் ஆயின. பெட்டி கண்ணெதிரில் இருந்தால் மட்டும் எண்ணைச் சொல்லுங்கள்.

இறுதியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் கட்டாயம் எழப்போகும் ஒரு கேள்வி. கெடு முடிந்து ஆர்டர் ரத்தான பிறகு, ஜூன் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலை வகுப்பு நடக்கும்போது மூன்று பெரிய பெட்டிகளோடு கூரியர் பையன் மாடிப்படி ஏறி வந்து நின்றால் என்ன செய்வது? அதற்குள் உள்ளூரில் வாங்கிவிட்டிருந்தால் பெட்டியைப் பிரிக்காமல், அதன் மேலுள்ள சீட்டைத் தேதி தெரியும்படி படமெடுத்துக்கொண்டு, 'ரத்து செய்த ஆர்டர், ஏற்கவில்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அன்றே நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் எழுதுங்கள். இன்னும் வாங்கவில்லை, கார்க் பிளாக் மட்டும் வேண்டும் என்று தோன்றினால், ஒரே பெட்டியில் கலந்து வந்ததில் அதை மட்டும் எடுத்துக்கொள்வது சிக்கலை வளர்க்கும். எந்தெந்தப் பொருளை ஏற்கிறீர்கள், மீதியைத் திரும்ப எடுக்கும் செலவு யாருடையது என்பதற்கு முதலில் அவர்களிடமிருந்து எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். அப்படி வாங்கும் நாளில், தாமத நட்டத்தைக் கோரும் உரிமை பற்றிய அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் பெட்டியைத் திறங்கள். பிரிப்பதை ஆரம்பம் முதல் காணொளியாக எடுங்கள். மேட்டின் எடையையும் தடிமனையும் ஆர்டரில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரப்பர் என்று சொல்லி பிவிசி வந்திருந்தால் முகர்ந்தாலும் தூக்கிப் பார்த்தாலும் உங்களுக்கே தெரிந்துவிடும். போல்ஸ்டர் வந்திருந்தால் மழையில் நனைந்திருக்கிறதா என்று தையல் ஓரத்தை அழுத்திப் பார்த்து, ஈரம் தட்டினால் அதையும் அதே காணொளியில் பதிவு செய்யுங்கள்.